ஏறியது தங்கமா, இறங்கியது ரூபாயா? டாலர் மதிப்பை வைத்துச் சவரன் விலையைப் பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

2011 செப்டம்பர் முதல் வாரத்தில் லண்டனில் ஒரு அவுன்ஸ் தங்கம் 1,895 டாலர். அப்போது ஒரு டாலர் ஏறக்குறைய 46 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து, 2013 ஆகஸ்ட் 28 அன்று, அதே அவுன்ஸ் 1,420 டாலரை ஒட்டி நின்றது. டாலரில் கணக்குப் பார்ப்பவருக்குக் கால்வாசிப் பணம் போயிருந்தது. ஆனால் அதே நாளில்தான் எம்சிஎக்ஸ் என்ற இந்தியப் பண்டக முன்பேரச் சந்தையில் 10 கிராம் 35,000 ரூபாயைத் தொட்டு, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. அன்று டாலர் 68.80 ரூபாய். இறக்குமதி வரியும் 10% ஆகியிருந்தது.

காலையில் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் 'ஆபரணத் தங்கம் சவரனுக்கு இவ்வளவு உயர்வு' என்ற ஒரே வரிக்குள் டாலரில் தங்க விலை, ரூபாய் மதிப்பு, வரி என மூன்று வெவ்வேறு சமாச்சாரங்கள் கலந்திருக்கின்றன. முதலீடாகத் தங்கம் வாங்குபவர் இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்தால், எதற்காக வாங்குகிறோம் என்று தெரியாமலே வாங்குகிறார். பிரிப்பதற்குக் கால்குலேட்டரும் ஐந்து நிமிடமும் போதும்.

படி 1: மூன்று எண்களைச் சரியான இடத்திலிருந்து எடுங்கள்

முதல் எண், சர்வதேசச் சந்தையில் ஒரு அவுன்ஸின் ஸ்பாட் விலை, அதாவது உடனடியாக வாங்கி விற்கும் விலை. லண்டனில் நாளுக்கு இரண்டு முறை, அங்குள்ள நேரப்படி காலை 10.30க்கும் பிற்பகல் 3 மணிக்கும், அடிப்படை விலை நிர்ணயமாகிறது. இடைப்பட்ட நேரத்தில் ஸ்பாட் விலை ஓடிக்கொண்டே இருக்கும். நியூயார்க் கோமெக்ஸ் சந்தையின் முன்பேர விலையை, அதாவது பின்னொரு தேதியில் கைமாறும் தங்கத்துக்கான விலையை, ஸ்பாட் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். அது பொதுவாகச் சற்று கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது எண், டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது. வங்கிகளுக்கு இடையே நடக்கும் வர்த்தகத்தின் மதிப்புதான் வேண்டும். வங்கிக் கிளையில் வாடிக்கையாளருக்குச் சொல்லும் ரேட்டும், விமான நிலைய நாணய மாற்றுக் கடை ரேட்டும் இதற்கு ஆகாது. அவற்றில் அவர்களுடைய லாபம் ஏறியிருக்கும். வேலை நாட்களில் பிற்பகல் 1.30 மணியளவில் எஃப்பிஐஎல் என்ற நிதிச் சந்தைக் குறியீட்டு அமைப்பு வெளியிடும் குறிப்பு விலை நம்பகமானது. 2018 ஜூலைக்கு முன் இதை ரிசர்வ் வங்கியே வெளியிட்டு வந்தது.

மூன்றாவது, இறக்குமதி வரி. 2024 ஜூலை பட்ஜெட்டில் 15%லிருந்து 6% ஆக இறங்கியது. கீழே உள்ள கணக்குகளில் 6%தான் போட்டிருக்கிறோம். இது எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது என்பதால், கணக்குப் போடும் நாளில் நடப்பு விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். நேற்று இரவு நியூயார்க் விலையையும் இன்று பகல் ரூபாய் மதிப்பையும் கோத்துக் கணக்குப் போட்டுவிட்டு, 'கடைக்காரர் ஏமாற்றுகிறார்' என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது.

படி 2: சவரன் வரை கொண்டுவருவது

எளிதாகப் புரிய முழு எண்களை எடுத்துக்கொள்வோம்: அவுன்ஸ் 4,000 டாலர், டாலர் 90 ரூபாய்.

4,000 × 90 = 3,60,000 ரூபாய். இது ஒரு அவுன்ஸின் விலை.
3,60,000 ÷ 31.1035 = 11,574 ரூபாய். இது ஒரு கிராம் 24 காரட், வரிக்கு முன்.
11,574 × 1.06 = 12,269 ரூபாய். சுங்க வரி சேர்ந்தது.
12,269 × 0.916 = 11,238 ரூபாய். ஒரு கிராம் 22 காரட் (91.6% தூய்மை).
11,238 × 8 = ஏறக்குறைய 89,905 ரூபாய். ஒரு சவரன்.

கடையில் போர்டில் எழுதும் விலை இதை ஒட்டித்தான் இருக்க வேண்டும். 3% ஜிஎஸ்டி இதற்கு மேல். அதைச் சேர்த்தால் 92,602 ரூபாய். செய்கூலி, சேதாரம் தனி.

இந்தக் கணக்கில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அவுன்ஸ். மளிகைச் சாமானுக்கான அவுன்ஸ் 28.35 கிராம், தங்கத்துக்கான டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். முன்னதைப் போட்டு வகுத்தால் விடை 10% அளவுக்குக் கூடுதலாக வரும். போர்டு விலை அதைவிடக் குறைவாகத் தெரிவதால், 'அட, இன்று மலிவு' என்று தோன்றி வாங்கவும் வைத்துவிடும்.

படி 3: ஒரு ரூபாய் அசைந்தால் எவ்வளவு?

மேலே உள்ள விலைகளை வைத்துப் பார்த்தால், டாலர் 90லிருந்து 91 ரூபாய் ஆகும்போது சவரன் ஏறக்குறைய 1,000 ரூபாய் ஏறும். 10 பைசாவுக்கு 100 ரூபாய். அவுன்ஸ் விலை 10 டாலர் அசைந்தால் சவரன் 225 ரூபாய் அசையும். அதாவது ரூபாய் மதிப்பில் ஒரு ரூபாய் மாற்றம், தங்கத்தில் 44 டாலர் மாற்றத்துக்குச் சமம்.

விலைகள் மாறும்போது இந்த எண்களும் மாறும். புதிதாகக் கண்டுபிடிக்க ஒரு வகுத்தல் போதும்: சவரன் விலையை டாலர் மதிப்பால் வகுத்தால் ஒரு ரூபாயின் எடை, அவுன்ஸ் விலையால் வகுத்தால் ஒரு டாலரின் எடை.

தினசரி ஏற்ற இறக்கத்தில் ரூபாயின் பங்கு சிறியது. தங்கம் ஒரே நாளில் 1% போவது சாதாரணம். ரூபாய் ஒரே நாளில் அவ்வளவு போனால் அது தலைப்புச் செய்தி. ரிசர்வ் வங்கி டாலரை விற்றும் வாங்கியும் தடாலடி மாற்றங்களைத் தணிக்கிறது. அதனால் 'ரூபாய் நாளை சரியும்' என்று நினைத்து அவசரமாக ஒரு சவரன் வாங்குவதில் பெரிய அர்த்தம் இல்லை.

வருடக் கணக்கில் பார்த்தால் நிலைமையே வேறு. 2004இல் டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது, 2024இல் 84. இருபது ஆண்டில் டாலர் ஆண்டுக்குச் சுமார் 3% ஏறியிருக்கிறது. தங்கம் டாலரில் ஒரு காசுகூட ஏறாமல் இருந்திருந்தாலும் இந்தியரின் கையில் இருந்த தங்கம் ரூபாயில் 87% கூடியிருக்கும். அந்த 87% ரூபாய் தேய்ந்ததன் மறுபக்கம்தான். அதைத் தங்கத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

படி 4: போர்டு விலையோடு ஒப்பிடுங்கள்

உங்கள் கணக்குக்கும் கடை விலைக்கும் 1% வரை வித்தியாசம் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேல் போனால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

நேரம். காலையில் நகை வியாபாரிகள் சங்கம் விலை சொல்லும்போது, முந்தைய இரவின் சர்வதேச விலையும் அன்று காலை 9 மணிக்குத் திறந்த ரூபாய் சந்தையின் போக்கும்தான் கையில் இருக்கும். பகலில் பெரிய மாற்றம் வந்தால் மறுபடி விலை சொல்வார்கள். சின்ன மாற்றம் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போகும். ரூபாய் சந்தைக்கு விடுமுறை, ஆனால் உலகச் சந்தை திறந்திருக்கிறது என்ற நாட்களில் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும்.

எம்சிஎக்ஸ் விலையோடு ஒப்பிடுவது. அந்த விலையில் சுங்க வரி அடக்கம், ஜிஎஸ்டி கிடையாது. ஒரு கிலோ ஒப்பந்தம் 995 தூய்மைக்கு, அதாவது ஆயிரத்தில் 995 பங்கு தங்கம். நீங்கள் போட்டது 999ஆக இருந்தால் அங்கேயே 0.4% வித்தியாசம். தவிர அது முன்பேர விலை. ரூபாய் வட்டி ஆண்டுக்கு 6% என்றால், இரண்டு மாதம் தள்ளி முடியும் ஒப்பந்தம் ஸ்பாட்டைவிட 1% அளவுக்குக் கூடுதலாக நிற்கும். 10 கிராமுக்கு 1,200 ரூபாய். அது சந்தையின் ஆருடம் இல்லை, வெறும் வட்டி.

சுங்க மதிப்பு. இறக்குமதி வரியை அன்றாட விலையில் வசூலிப்பதில்லை. மறைமுக வரிகள் வாரியம் பொதுவாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 10 கிராமுக்கு இத்தனை டாலர் என்று ஒரு மதிப்பை அறிவிக்கிறது. டாலருக்கான சுங்க மாற்று மதிப்பும் தனியாக அறிவிக்கப்படுகிறது. சந்தை வேகமாக ஓடும்போது இவை பின்தங்கும். இதற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம்: 89,905 ரூபாய் சவரனில் வரிப் பகுதி சுமார் 5,090 ரூபாய்தான், அடிப்படை மதிப்பு 5% பின்தங்கினாலும் பாதிப்பு 250 ரூபாய்.

பிரீமியம், தள்ளுபடி. வரி உட்பட்ட இறக்குமதி விலைக்கு மேலேயோ கீழேயோ மொத்த வியாபாரிகள் தங்கம் விற்பதுண்டு. விலை திடீரென்று ஏறி வாங்க ஆளில்லாதபோது தள்ளுபடி வரும். சரக்குத் தட்டுப்பாடு என்றால் பிரீமியம். 2013இல், இறக்குமதி செய்ததில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிக்கு ஒதுக்க வேண்டும் என்ற 80:20 விதி வந்தபோது பிரீமியம் அவுன்ஸுக்கு 100 டாலரையும் தாண்டியது. அந்த விதியை 2014 நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வாங்குபவர், கட்டுப்பாடு நீங்கும் நாளில் ஆவியாகிவிடும் பிரீமியத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

படி 5: உங்கள் லாபத்தைப் பிரியுங்கள்

இங்கே கூட்டல் உதவாது, பெருக்கல்தான். தொடக்கத்தில் சொன்ன 2011–2013 காலத்தையே எடுத்துக்கொள்வோம்.

தங்கம்: 1,420 ÷ 1,895 = 0.75
டாலர்: 68.80 ÷ 46 = 1.50
வரி: 2011இல் 10 கிராமுக்கு நிலையாக 300 ரூபாய், அதாவது சுமார் 1%. 2013 ஆகஸ்டில் 10%. எனவே 1.10 ÷ 1.01 = 1.09
மூன்றையும் பெருக்கினால் 1.22.

22% லாபம். ஆனால் தங்கத்தின் பங்கு 25% நட்டம். லாபத்தை முழுக்கக் கொடுத்தவை ரூபாயும் அரசாங்கமும்தான்.

இதற்கு நேர் எதிரான காட்சி 2025. ஆண்டுத் தொடக்கத்தில் 2,600 டாலரை ஒட்டியிருந்த அவுன்ஸ், ஆண்டு முடிவில் 4,300 டாலரைத் தாண்டியிருந்தது. டாலர் 85 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 90 ரூபாய் வரை வந்தது. தங்கத்தின் பெருக்கம் 1.65, ரூபாயின் பெருக்கம் 1.05. 'ரூபாய் சரிந்ததால்தான் தங்கம் இப்படி ஏறுகிறது' என்று அந்த ஆண்டில் பேசியவர்கள் வாலைப் பிடித்துக்கொண்டு அதையே யானை என்றார்கள்.

உங்கள் பழைய ரசீதுகளுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாங்கிய தேதியின் அவுன்ஸ் விலையும் டாலர் மதிப்பும் இணையத்தில் கிடைக்கும். லாபத்தின் பெரும்பகுதி ரூபாய்ச் சரிவிலிருந்து வந்திருந்தால், உங்கள் வாங்கும் சக்தி அவ்வளவாகக் கூடவில்லை, கரையாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதுவும் ஒரு வேலைதான். ஆனால் வருமான வரிக் கணக்கில் இந்த வேறுபாடு எடுபடாது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற தங்கத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5% வரி. டாலரில் தங்கம் ஏறாமல் ரூபாய் மட்டும் தேய்ந்து வந்த 'லாபத்துக்கும்' இதே வரிதான்.

தங்கமும் ரூபாயும் எதிரெதிராக ஏன் இழுக்கின்றன?

அமெரிக்காவில் வட்டி ஏறுகிறது, அல்லது ஏறும் என்ற எதிர்பார்ப்பு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி தராத தங்கத்தை விட்டுப் பணம் டாலர் பத்திரங்களுக்குப் போகும்; தங்கம் டாலரில் இறங்கும். அதே காரணத்துக்காக இந்தியப் பங்குச் சந்தையிலிருந்தும் வெளிநாட்டுப் பணம் கிளம்பும், ரூபாய் சரியும். ஒன்று இறக்கிவிட, மற்றொன்று தூக்கிப் பிடிக்கிறது. உலகச் சந்தையில் தங்கம் விழுகிற வேகத்தில் சென்னையில் விழாததற்கு இதுதான் காரணம். கடைக்காரர் விலையைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பதில்லை. டாலர் பலவீனமாகும் காலத்தில் இதே விளைவு தலைகீழாகும்: உலகத்தில் தங்கம் பறக்கும், ரூபாயும் வலுப்பதால் நம் ஊர் ஏற்றம் கொஞ்சம் மட்டுப்படும்.

போர், கச்சா எண்ணெய் விலையேற்றம் போன்ற நேரங்களில் இந்தச் சமநிலை உடையும். பயத்தில் தங்கம் ஏறும். எண்ணெய்க்கு அதிக டாலர் கொடுக்க வேண்டியிருப்பதால் ரூபாயும் சரியும். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும் நாட்களில்தான் சவரன் விலை பகீரென்று தாவுகிறது.

இந்தியாவுக்கே உரிய இன்னொரு சுழல் உண்டு. நாம் வாங்கும் தங்கம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. அதற்கு டாலர் தேவை. 2012–13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வெளிநாட்டு வரவைவிடச் செலவு கூடுதலாகும் தொகை) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8% வரை போனதற்குத் தங்க இறக்குமதி ஒரு பெரிய காரணம். ரூபாய் நெருக்கடிக்கு உள்ளாகும்போது அரசு முதலில் கைவைப்பது தங்க வரியில். 2013 தொடக்கத்தில் 4% இருந்தது, ஆகஸ்டுக்குள் மூன்று தவணையாக 10% ஆனது. 2022 ஜூலை 1 அன்று, டாலர் 79 ரூபாயை எட்டிய நேரத்தில், மொத்த வரி 10.75%லிருந்து 15% ஆனது. நெருக்கடி தணிந்த பிறகு, 2024 ஜூலை 23 அன்று 6% ஆகக் குறைத்தார்கள். அன்று ஒரே நாளில் சென்னையில் சவரனுக்கு 2,000 ரூபாய் அளவுக்கு விலை விழுந்தது.

ஆகவே வரி விகிதம் ரூபாயின் நிழலாக அதன் பின்னால் வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வரி உச்சத்தில் இருக்கும்போது வாங்குபவர், அது குறையும் நாளின் நட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார். வாங்கும் முன் வரி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது, நாளை தங்கம் ஏறுமா என்று யோசிப்பதைவிடப் பயனுள்ள கேள்வி.

எந்த வடிவத்தில் வாங்கினால் எது ஒட்டிக்கொள்ளும்?

இந்தியாவில் விற்கும் தங்க ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி), தங்கப் பத்திரம், நாணயம், நகை நான்கிலும் ரூபாய் மதிப்பின் விளைவு முழுமையாக உண்டு. சுங்க வரியின் விளைவும் உண்டு. அரசின் தங்கப் பத்திரங்கள் 999 தூய்மைத் தங்கத்துக்கு இந்திய புல்லியன் மற்றும் நகை வியாபாரிகள் சங்கம் (ஐபிஜேஏ) வெளியிடும் விலையை வைத்தே கணக்குத் தீர்க்கப்படுவதால், 2024இல் வரி குறைந்தபோது பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் அடி விழுந்தது. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய பத்திரங்கள் வெளியாகவில்லை. பழையவை பங்குச் சந்தையில் கைமாறுகின்றன. அங்கே வாங்கும்போது, படி 2இல் கண்ட 24 காரட் கிராம் விலையோடு ஒப்பிடாமல் வாங்காதீர்கள். ஆண்டுக்கு 2.5% வட்டி கணக்கிடப்படுவது முதலில் வெளியிட்ட விலைக்குத்தான், நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பி அமெரிக்கத் தங்க ஈடிஎஃப் வாங்குபவர்கள், 'டாலரில் வைத்திருக்கிறோம், ரூபாய் ஆபத்து இல்லை' என்று நினைக்கிறார்கள். கணக்கில் அது உள்ளூர் ஈடிஎஃப் போன்றதேதான்: அவுன்ஸ் விலை பெருக்கல் டாலர் மதிப்பு. இல்லாதது சுங்க வரியின் ஏற்ற இறக்கம் மட்டும். அதற்காக நாணய மாற்றுச் செலவையும் வரித் தாக்கல் தலைவலியையும் ஏற்பது பெரும்பாலானோருக்குக் கட்டுப்படியாகாது.

நகையை நாணய மாற்று மதிப்புக்காக வாங்குவது நடக்காத காரியம். செய்கூலி, சேதாரம் 10%, அதன்மேல் 3% ஜிஎஸ்டி என்றால் 100 ரூபாய்த் தங்கத்துக்கு 113.30 ரூபாய் கொடுக்கிறீர்கள். ரூபாய்ச் சரிவு மட்டுமே அதை ஈடுகட்ட வேண்டும் என்றால் டாலர் 90லிருந்து 102 ரூபாய்க்குப் போக வேண்டும். விற்கும்போது கடையில் கழிப்பது இதில் சேரவில்லை.

ரூபாய் விளைவை நீக்கிவிட்டுத் தங்கத்தை மட்டும் வைத்திருக்க முடியுமா என்றால், டாலர் முன்பேர ஒப்பந்தத்தை விற்றுச் செய்யலாம்தான். ஆனால் 2024 மே 3 முதல், அடிப்படையில் அந்நியச் செலாவணி வரவு செலவு இருப்பவர்கள் மட்டுமே ரூபாய் சம்பந்தப்பட்ட நாணய ஒப்பந்தங்களில் இறங்கலாம் என்ற ரிசர்வ் வங்கி விதி கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. தவிர, ரூபாய் தேய்மானத்துக்கு எதிரான காப்புக்காகவே தங்கம் வைத்திருக்கும் குடும்பம், அந்தக் காப்பைக் காசு கொடுத்துக் கழற்றுவதில் பொருளில்லை.

எல்லை தாண்டினால்

துபாயில் திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. அங்கே தங்க விலை ஏறினால் அது தங்கம் ஏறியதுதான், நாணயம் அதில் நுழைவதில்லை. வளைகுடாவில் சம்பாதிப்பவருக்கு இது ஒரு வசதி: திர்ஹமில் விலையைப் பார்த்தால் உலகத் தங்கம் எங்கே நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும்; இந்திய விலையோடு ஒப்பிட்டால் மிச்சமிருப்பது ரூபாயும் வரியும்.

இலங்கை இதற்கு மறு எல்லை. 2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபாயைத் தளர்த்திவிட்டது. அதற்கு முன் டாலர் 202 இலங்கை ரூபாய் அளவில் இருந்தது. மே நடுவில் 360. அதே காலத்தில் அவுன்ஸ் சுமார் 1,950 டாலரிலிருந்து 1,820க்கு இறங்கியிருந்தது. வரி, பிரீமியம் எதுவும் சேர்க்காமல் 24 காரட் பவுனைக் கணக்கிட்டால், 1,01,300 ரூபாயிலிருந்து 1,68,500 ரூபாய். உலகில் தங்கம் 7% இறங்கியபோது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 66% ஏறியது.

பீதி உச்சத்தில் இருந்த அந்த வாரங்களில் வாங்கியவர்களைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 2023 ஜூனில் டாலர் 300 ரூபாய்க்கு அருகே வந்தது. அவுன்ஸ் 1,950க்குத் திரும்பியிருந்தது. கணக்கு: 1,50,500 ரூபாய். டாலரில் தங்கம் 7% ஏறியும் அவர்களுக்கு ரூபாயில் 11% நட்டம். நாணயம் ஒரேயடியாக விழுந்தபின் வாங்குபவர் தங்கத்தோடு சேர்த்து மிக விலையுயர்ந்த டாலரையும் வாங்குகிறார். அந்த டாலர் பாதி வழி திரும்பி வந்தாலே போதும், தங்கம் ஏறியது கண்ணில் படாது.

அடுத்த முறை வாங்கும்போது ரசீதின் பின்பக்கம் நான்கு எண்களைக் குறித்து வையுங்கள்: அன்றைய அவுன்ஸ் விலை, டாலர் மதிப்பு, சுங்க வரி விகிதம், செய்கூலி–சேதாரம் போகத் தங்கத்துக்கு மட்டும் கொடுத்த தொகை. சாயம் மங்கும் வெப்ப அச்சு ரசீதாக இருந்தால் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டில் அது வெற்றுத் தாளாகிவிடும்.